ஒரு டார்பிடோவா, இரண்டா? 'லூசிடானியா' கார்ட்டூன் பற்றி

கரித்துண்டு | ஞாயிறு இரவு 8:40

நேற்று பழைய படங்கள் பகுதியில் சுருள்பெட்டி எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அமெரிக்கக் கார்ட்டூன் கலைஞர் வின்சர் மெக்கே 1918-இல் வெளியிட்ட 'தி சிங்கிங் ஆஃப் தி லூசிடானியா' என்ற கறுப்பு வெள்ளைக் கார்ட்டூனைப் பற்றிய பதிவு அது. "இரண்டு டார்பிடோ வாங்கிய கப்பலின் கடைசி நிமிடங்களை நடந்தது நடந்தபடி காட்டும் ஆவணம்" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக எல்லோரும் 'அருமை, அருமை' என்று போட்டிருக்கிறார்கள்.

இரண்டு இல்லை. ஒன்று.

1915 மே 7 பிற்பகல். அயர்லாந்தின் தென்கரையில் கின்சேல் முனைக்கு அப்பால் யு-20 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் மீது சுமார் 700 மீட்டர் தொலைவிலிருந்து ஒரே ஒரு டார்பிடோவை, அதாவது நீருக்குள் பாய்ந்து வந்து வெடிக்கும் குண்டை, விட்டது. கப்பலின் வலப்பக்கத்தில் பட்டது. சிறிது நேரத்தில் கப்பலுக்குள்ளிருந்து இன்னொரு வெடிப்பு. 18 நிமிடத்தில் கப்பலே இல்லை. 1,198 பேர் இறந்தார்கள். அந்த இரண்டாவது வெடிப்பு எதனால் வந்தது என்பதுதான் நூறு வருடமாக நடக்கும் சண்டை. அதை 'இரண்டாவது டார்பிடோ' என்று எழுதிவிட்டால் கேள்வியே இல்லாமல் போய்விடும். அன்றைய பிரிட்டிஷ் அரசுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

படத்தை ரசியுங்கள், நானும் ரசிக்கிறேன். ஆனால் ஆவணம் என்று எழுதாதீர்கள்.

சுருள்பெட்டி | இரவு 9:05

என் பதிவிலேயே வந்து கேட்டிருக்கலாம். தனி இழை திறந்து, ஊரைக் கூட்டி, அதில் என் பெயரைப் போட்டுத்தான் கேட்க வேண்டுமா?

'ஆவணம்' என்பது என் சொல் இல்லை. படத்திலேயே எழுத்தட்டையில் வருகிறது: இதிலிருந்து நீங்கள் பார்ப்பது லூசிடானியா மூழ்கியதன் முதல் பதிவு என்று. கப்பல் மூழ்குவதைப் படம் பிடித்த கேமரா உலகத்தில் எங்கும் இல்லை. ஒரு மனிதர் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார்ந்து கையால் வரைந்தார். அதுவும் பகலில் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு, சொந்தப் பணத்தைப் போட்டு. 25,000 படங்கள். அதைப் பதிவு என்று சொல்லக் கூடாதா?

இரண்டு டார்பிடோ என்பதும் என் கற்பனை இல்லை. 1915-இல் பிரிட்டனில் மெர்சி பிரபு நடத்திய விசாரணை இரண்டு என்றுதான் தீர்ப்பு எழுதியது. 1918 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றத்தில் நீதிபதி மேயரும் இரண்டு என்றே சொன்னார். தப்பித்தவர்களில் பலர் இரண்டு என்று சாட்சி சொன்னார்கள். இரண்டு நீதிமன்றங்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியும் என்றால் நான் என்ன சொல்ல?

கரித்துண்டு | இரவு 9:22

விசாரணை யாருடைய விசாரணை? போர் நடந்துகொண்டிருக்கும்போது, கப்பலின் சொந்த நாடு நடத்திய விசாரணை. கப்பலில் 4,200 பெட்டி துப்பாக்கித் தோட்டா இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளில் பீரங்கிக் குண்டு ஓடுகள் இருந்தன. சரக்குப் பட்டியலிலேயே உள்ளது. 'உள்ளே என்ன வெடித்தது?' என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்றால் இரண்டாவது டார்பிடோதான் வசதியான பதில்.

நீர்மூழ்கியின் தலைவர் வால்தர் ஷ்வீகரின் குறிப்பேட்டில் ஒன்று என்றுதான் இருக்கிறது. வழக்கத்துக்கு மாறான பெரிய வெடிப்பு என்று அவரே வியந்து எழுதியிருக்கிறார். இரண்டு விட்டவர் எதற்காக வியக்க வேண்டும்?

ஒன்று.

சுருள்பெட்டி | இரவு 9:30

கொன்றவனின் டைரி உங்களுக்கு வேதம். பிழைத்தவர்களின் வாய்மொழி பொய். நன்றாக இருக்கிறது நியாயம்.

அந்தக் குறிப்பேடு நமக்குக் கிடைப்பது தட்டச்சுப் பிரதியாகத்தான். அதைப் பிறகு திருத்தியிருக்கலாம் என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடமே இருக்கிறது. அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

கப்பல்காரன் | இரவு 9:48

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். நான் பத்தொன்பது வருடம் சரக்குக் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். நீராவிக் கப்பலில் இல்லை, டீசல்தான். ஆனாலும் அழுத்தக் குழாய் வெடித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

லூசிடானியாவில் 25 கொதிகலன்கள். அந்தப் பயணத்தில் நிலக்கரி மிச்சம் பிடிக்க ஆறை அணைத்து வைத்திருந்தார்கள். அதனால் 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) ஓடக்கூடிய கப்பல் 21-க்கு மேல் ஓட முடியாத நிலை. அடிபட்டபோது 18-தான். கப்பலின் இரு பக்கமும் நெடுகக் கரிக்கிடங்குகள். பயணத்தின் கடைசி நாள் என்பதால் அவை கிட்டத்தட்டக் காலி. காலிக் கிடங்கில் கரித்தூள் இருக்கும். தீப்பொறி பட்டால் அதுவே வெடிமருந்து. 1993-இல் கடலடி ஆய்வாளர் ராபர்ட் பல்லார்ட் சிதைவை ஆராய்ந்து பார்த்துவிட்டு இந்தக் காரணத்தைத்தான் முன்வைத்தார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கடல்மட்டத்துக்குக் கீழே, குளிரில், ஈரம் சொட்டும் கிடங்கில், தூள் அப்படிப் பறக்குமா? என் கணக்கில் நீராவிக் குழாய்தான். குளிர்ந்த கடல்நீர் கொதிகலன் அறைக்குள் பாய்ந்தால் என்ன ஆகும்? வெடிப்புக்குப் பிறகு நீராவி அழுத்தம் விழுந்துவிட்டது, கப்பலை நிறுத்தவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டார்பிடோ ஒன்றா இரண்டா என்பதை எஞ்சின் அறைக்காரனிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

கரித்துண்டு | இரவு 9:55

கப்பல்காரன் ஐயா, நன்றி. ஆகவே ஒன்று. இதைத்தான் நானும் சொல்கிறேன்.

கப்பல்காரன் | இரவு 9:59

தம்பி, நான் உங்களை ஆதரித்து எழுதவில்லை. நீங்கள் தோட்டாப் பெட்டி என்கிறீர்கள். துப்பாக்கித் தோட்டா நெருப்பில் விழுந்தால் பட்பட் என்று தெறிக்கும். கப்பலைப் பிளக்காது. அந்தக் குண்டு ஓடுகளும் மருந்து நிரப்பாதவை. அந்த வெடிமருந்துக் கதையை விடுங்கள்.

கரித்துண்டு | இரவு 10:06

வெடிமருந்துதான் காரணம் என்று நான் எங்கே எழுதினேன்? அந்தக் கேள்வியை மறைக்க இரண்டாவது டார்பிடோ பயன்பட்டது என்றேன். இரண்டும் வேறு வேறு. மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

நெய்தல்விழி | இரவு 10:15

நீங்கள் எல்லாரும் படத்தைப் பார்த்தீர்களா, இல்லையா?

கடைசியில் ஒரு தாய் கைக்குழந்தையை அலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கப் போராடுகிறாள். அப்புறம் இருவரும் நீருக்குள் போகிறார்கள். மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் தொண்டை அடைத்தது. 1918-இல் கார்ட்டூன் என்றாலே எலியும் பூனையும் துரத்திக்கொள்வது, தடுக்கி விழுவது. அந்தக் காலத்தில் ஒருவர் பேனா மையை வைத்து ஒரு சாவைச் சாவாகவே காட்டியிருக்கிறார். கப்பலிலிருந்து ஆட்கள் புள்ளி புள்ளியாக விழும்போது ஒவ்வொரு புள்ளியும் தனியாக விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு டார்பிடோவை எண்ண எப்படி மனம் வருகிறது?

கரித்துண்டு | இரவு 10:24

சகோதரி, அந்தக் காட்சியின் வலிமையைத்தான் நானும் சொல்கிறேன். அவ்வளவு வலிமை இருப்பதால்தான் எண்ண வேண்டியிருக்கிறது. அந்தத் தாயைப் பார்த்து அழுத ஒருவர், முன்னால் வந்த இரண்டு வெடிப்பையும் ஜெர்மன்காரன் கணக்கில்தான் எழுதுவார். 'ஒன்று உள்ளே இருந்து வந்திருக்குமோ?' என்ற யோசனை அவருக்கு வரவே வராது. அந்தப் படத்தின் வேலை அது. அழவைத்து முடித்ததும் எழுத்தட்டையில் என்ன வருகிறது? சுட்டவனுக்கு ஜெர்மன் பேரரசன் கைசர் பதக்கம் கொடுத்தான், இன்னும் ஜெர்மன்காரனை வெறுக்காதே என்கிறார்களே என்று வருகிறது. இது ஆவணத்தின் மொழியா?

நெய்தல்விழி | இரவு 10:27

நான் யாருக்கும் சகோதரி இல்லை. பெயர் இருக்கிறது, பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

சுருள்பெட்டி | இரவு 10:31

அந்த வரியை நான் நியாயப்படுத்தவில்லை. 1918 ஜூலையில் வந்த படம். அமெரிக்கா போரில் இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேறு எப்படி எழுதுவார்கள்?

ஆனால் ஒன்றை மறைக்கிறீர்கள். மெக்கே வேலை பார்த்தது ஹெர்ஸ்ட் பத்திரிகையில். அந்த முதலாளி அமெரிக்கா போருக்குப் போகவே கூடாது என்று எழுதிக்கொண்டிருந்தவர். மெக்கே பகலில் அந்தக் கட்சிக்குக் கருத்துப்படம் வரைய வேண்டும். இரவில் வந்து இந்தப் படத்தை வரைந்திருக்கிறார். சம்பளம் கொடுப்பவனின் கொள்கைக்கு எதிராக, கேட்பாரில்லாமல், தன் மனம் கொதித்ததற்காக. அதைப் 'பிரச்சாரம்' என்று ஒரே சொல்லில் தள்ளுவது அநியாயம். பிரச்சாரம் என்றால் மேலேயிருந்து ஒருவன் செய்யச் சொல்லிச் செய்வது.

கரித்துண்டு | இரவு 10:40

யாரும் சொல்லாமல் செய்தாலும் பிரச்சாரம் பிரச்சாரம்தான். தானாகச் செய்ததால் டார்பிடோ இரண்டாகிவிடாது.

பதக்க விஷயத்தையும் பேசிவிடுவோம். ஷ்வீகருக்கு 1917 ஜூலையில் 'பூர் லெ மெரித்' என்ற உயரிய ராணுவ விருது கிடைத்தது உண்மை. அது அவர் மொத்தமாக மூழ்கடித்த கப்பல்களின் எடைக் கணக்குக்கு. லூசிடானியாவுக்கென்று தனியாகக் கொடுத்தது இல்லை. படம் வெளிவருவதற்குப் பத்து மாதம் முன்பே, 1917 செப்டம்பரில், அவர் கடலில் கண்ணிவெடியில் செத்தும் போனார். படம் அதைச் சொல்கிறதா?

இன்னொரு பதக்கமும் உண்டு. மியூனிக்கில் கார்ல் கோட்ஸ் என்ற பதக்கக் கலைஞர், கப்பல் கம்பெனியைக் கேலி செய்து சொந்தமாக வார்த்தது. அதில் மே 7-க்குப் பதில் மே 5 என்று தேதி தப்பாகப் போட்டுவிட்டார். பிரிட்டிஷ்காரர்கள் விடுவார்களா? 'பார், முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கிறார்கள்' என்று சொல்லி அதையே லட்சக்கணக்கில் நகலெடுத்து, பெட்டியில் போட்டு விற்றார்கள். ஒரு தேதிப் பிழை இவ்வளவு தூரம் போகும். அதனால்தான் ஒரு டார்பிடோப் பிழைக்கு நான் இவ்வளவு எழுதுகிறேன்.

சுருள்பெட்டி | இரவு 10:44

எழுதுங்கள், எழுதுங்கள். போன வருடம் மெக்கேயின் டைனோசர் கார்ட்டூன் கெர்ட்டி பற்றிய இழையிலும் இப்படித்தான் நாற்பது பின்னூட்டம் எழுதினீர்கள்.

கரித்துண்டு | இரவு 10:50

எழுதினேன். நீங்கள் 'கெர்ட்டிதான் உலகின் முதல் கார்ட்டூன்' என்று எழுதியதால் எழுதினேன். கெர்ட்டி 1914. பிரான்ஸில் எமில் கோல் 1908-லேயே செய்துவிட்டார். மெக்கேயே 1911-இல் லிட்டில் நீமோவையும் 1912-இல் கொசுப் படத்தையும் செய்துவிட்டார். அன்றைக்கும் திருத்தவில்லை. இன்றைக்கும் அந்தப் பதிவு அப்படியே இருக்கிறது. இப்போது இரண்டாவது டார்பிடோ.

அப்புறம் அந்த 25,000. அதையும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். படத்தின் நீளம் சுமார் 12 நிமிடம். நொடிக்கு 16 சட்டகம் (ஃப்ரேம்) என்று வைத்தால் 12 × 60 × 16 = 11,520. அதிலும் முன்பகுதியில் மெக்கே உட்கார்ந்து பேசும் நிஜ மனிதர் காட்சிகள் வருகின்றன, அவை வரைந்தவை அல்ல. மிச்சம் எங்கே? பதினொன்றாயிரம் சட்டகத்துக்கு இருபத்தைந்தாயிரம் படமா?

சுருள்பெட்டி | இரவு 11:12

இந்தக் கேள்வியிலிருந்தே தெரிகிறது, படம் எப்படி வரையப்பட்டது என்று நீங்கள் பார்க்கவே இல்லை.

கெர்ட்டியில் மெக்கே மெல்லிய அரிசித்தாளில் வரைந்தார். டைனோசர் மட்டும் அசைந்தாலும் பின்னால் உள்ள மலை, மரம், ஏரி எல்லாவற்றையும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரைய வேண்டும். அந்த வேலையை ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளைஞர் செய்தார். லூசிடானியாவில்தான் மெக்கே முதன்முதலாக செல்லுலாய்டுத் தாளுக்கு மாறினார். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் தாள். கப்பல் ஒரு தாளில், அலை இன்னொரு தாளில், புகை வேறு தாளில், அடுக்கி வைத்து ஒரே சட்டகமாகப் படம் எடுக்கலாம். அப்படியென்றால் ஒரு சட்டகத்துக்கு இரண்டு மூன்று படம் வரும் அல்லவா? 11,520-ஐ வைத்துக்கொண்டு 25,000-ஐப் பொய் என்கிறீர்களே, எந்தக் கணக்கு இது?

அந்த அலைகளைப் பாருங்கள். ஃபிட்ஸ்சிம்மன்ஸ் வரைந்தவை. கப்பல் நகர்வது ஒரு கதி, அலை புரள்வது வேறு கதி. 1918-இல் வேறு எந்தக் கார்ட்டூனிலும் கடல் இப்படிக் கனமாக இருந்ததில்லை. இதைப் பற்றிப் பேசத்தான் நான் அந்தப் பதிவையே எழுதினேன். ஒரு ஆள்கூட அலையைப் பற்றிப் பேசவில்லை.

கரித்துண்டு | இரவு 11:20

அலை என்பது 16 படங்களைத் திரும்பத் திரும்பச் சுழற்றியது. சுழற்சிக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய வேண்டியதில்லை. அதனால் நீங்கள் சொல்லும் அடுக்குக் கணக்கு எண்ணிக்கையைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். நீங்களே உங்கள் வாதத்தை உடைத்துக்கொண்டீர்கள்.

சுருள்பெட்டி | இரவு 11:26

எல்லாக் காட்சியிலும் சுழற்சி இல்லை. வெடித்ததும் வரும் புகையைப் பாருங்கள், அது திரையையே மூடும் வரை வளர்கிறது. அதில் எது சுழற்சி? பேசுவதற்கு முன் பாருங்கள்.

எழும்பூர்_ராஜா | இரவு 11:34

படிக்கச் சுவையாக இருக்கிறது. ஒன்று சொல்கிறேன். ஜெர்மன் கடற்படை என்றாலே அரக்கர்கள் என்று 1918-இல் அமெரிக்காக்காரன் படம் எடுத்தான். நம் சென்னையில் கதை வேறு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து பர்மா ஆயில் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. ஊரே பயந்து ஓடியது. ஆனாலும் நம் ஜனங்கள் அவனைத் திட்டவில்லை. 'அவன் பெரிய எம்டன்' என்று கெட்டிக்காரனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. எம்டன் தலைவர் முல்லர், கப்பலை மூழ்கடிக்கும் முன் அதிலிருந்தவர்களை இறக்கிவிட்டுத்தான் மூழ்கடிப்பார். அதையும் ஒருவர் கார்ட்டூனாகப் போட்டிருக்கலாம்.

நம்ம சுதந்திரப் போராளி செண்பகராமன் பிள்ளையும் அந்தக் கப்பலில்தான் வந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கரித்துண்டு | இரவு 11:41

வரவில்லை.

எழும்பூர்_ராஜா | இரவு 11:43

வந்தார். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. உங்கள் ஒற்றை டார்பிடோவை நம்புகிற நீங்கள் இதை மட்டும் நம்ப மாட்டீர்களா?

கரித்துண்டு | இரவு 11:52

கேட்டு வளர்ந்தது ஆதாரம் ஆகாது. எம்டன், போர் தொடங்குவதற்கு முன்பே சீனக்கரையில் சிங்டாவோ துறைமுகத்தில் இருந்த கப்பல். அங்கிருந்துதான் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. செண்பகராமன் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். எந்தத் துறைமுகத்தில் எப்படி ஏறினார்? அவர் செய்தது பெரிய காரியம்தான், அதற்குக் கப்பல் கதை தேவையில்லை.

எழும்பூர்_ராஜா | இரவு 11:55

ஒரு தமிழன் செய்ததை மட்டும் இல்லை என்று சொல்வதற்கு எங்கிருந்துதான் உங்களுக்கு இவ்வளவு அவசரம் வருகிறதோ. லூசிடானியாவுக்கு ஜெர்மன் டைரி போதும், நம்மவருக்குக் கப்பல் டிக்கெட் கேட்கிறீர்கள்.

கப்பல்காரன் | நள்ளிரவு 12:10

எம்டன் போர்க்கப்பல், யு-20 நீர்மூழ்கி. முல்லர் மேலே நின்று கொடி காட்டிப் பேச முடியும். நீர்மூழ்கி மேலே வந்து எச்சரித்தால், எதிரில் பீரங்கி இருந்தால், ஒரே அடியில் போய்விடும். இரண்டையும் ஒப்பிடுவதே தப்பு. யு-20 என்ன ஆயிற்று தெரியுமா? 1916 நவம்பரில் டென்மார்க் கரையில் மணலில் தட்டி நின்றுவிட்டது. அவர்களே வெடிவைத்துவிட்டுப் போனார்கள்.

நெய்தல்விழி | நள்ளிரவு 12:18

எச்சரிக்க முடியாது என்பதால் எச்சரிக்காமல் கொன்றது சரி ஆகிவிடுமா கப்பல்காரன் ஐயா? கைக்குழந்தைகள் இருந்த கப்பல்.

கப்பல்காரன் | நள்ளிரவு 12:25

சரி என்று நான் சொல்லவில்லை, அம்மா. கடலில் ஆள் விழுந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன் நான். எங்கள் கப்பலில் ஒரு பையன், முதல் பயணம், இரவுக் காவலில் தவறி விழுந்தான். மூன்று மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடினோம். கிடைக்கவில்லை. கம்பெனி ஒரு கடிதம் அனுப்பியதோடு சரி. அதனால் அந்தப் படத்தில் ஆட்கள் விழும் இடத்தை என்னால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை. லூசிடானியா அடிபட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது, வலப்பக்கம் சாய்ந்தபடி. ஓடும் கப்பலிலிருந்து படகு இறக்கினால் கவிழாமல் என்ன செய்யும்? 48 படகுகளில் ஆறுதான் ஒழுங்காகத் தண்ணீரில் இறங்கின. மெக்கே படகு கவிழ்வதைக் காட்டியிருக்கிறார். அது மட்டும் எனக்குப் போதும்.

சுருள்பெட்டி | நள்ளிரவு 12:31

இதைத்தான் ஐயா நான் பதிவு என்கிறேன்.

கரித்துண்டு | நள்ளிரவு 12:38

படகு கவிழ்ந்தது உண்மை. அதை உண்மையாகக் காட்டியிருப்பதால் மற்றதும் உண்மை என்று ஆகிவிடாது. படத்தின் தொடக்கத்தில் ஹெர்ஸ்டின் பெர்லின் நிருபர் பீச் என்பவரிடம் மெக்கே விவரம் கேட்டுக்கொள்வது போல ஒரு காட்சி வருகிறது. பீச் கப்பலில் இல்லை. மெக்கேயும் இல்லை. ஆக, கேட்டு வரைந்தது. கேட்டதில் பிழை இருந்தால் வரைந்ததிலும் பிழை இருக்கும். இதை ஒப்புக்கொள்ள உங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒன்றா, இரண்டா? ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்.

சுருள்பெட்டி | நள்ளிரவு 12:44

மெக்கே வரைந்துகொண்டிருந்த காலத்தில் அவருக்குத் தெரிந்தது இரண்டு. அவர் தெரிந்தே பொய் வரையவில்லை.

கரித்துண்டு | நள்ளிரவு 12:46

நான் மெக்கேயைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன். ஒன்றா, இரண்டா?

சுருள்பெட்டி | நள்ளிரவு 12:53

என்னைக் குறுக்கு விசாரணை செய்ய நீங்கள் மெர்சி பிரபு இல்லை.

2017-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்தப் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. பதிவேடு. அந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

கரித்துண்டு | நள்ளிரவு 12:57

அந்தப் பதிவேட்டில் குதிரைச் சண்டைப் படமும் இருக்கிறது, பாட்டுப் படமும் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் நடந்த கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?

மட்டுறுத்துநர் | காலை 6:30

எல்லாருக்கும் வணக்கம். எம்டன், செண்பகராமன் பேச்சை வரலாறு பகுதிக்குக் கொண்டுபோங்கள். இங்கே படத்தைப் பற்றி மட்டும். தனிப்பட்ட பழைய கணக்குகளை (கெர்ட்டி இழை) இங்கே இழுக்க வேண்டாம்.

எழும்பூர்_ராஜா | காலை 7:02

வரலாறு பகுதியில் போட்டிருக்கிறேன். கரித்துண்டு அங்கே வந்து பேசட்டும். கல்வெட்டின் படமும் போட்டிருக்கிறேன்.

கரித்துண்டு | காலை 7:15

கல்வெட்டில் எம்டன் சுட்டது என்றுதான் இருக்கும். செண்பகராமன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மட்டுறுத்துநருக்கு: நான் பேசுவது படத்தைப் பற்றித்தான். கெர்ட்டியை முதலில் எடுத்தது நான் இல்லை, மேலே நேரத்தைப் பாருங்கள், 10:44. அப்புறம், ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கப்பல் வலப்பக்கமாகவே சாய்ந்து சுமார் 93 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அடிபட்ட இடம் மண்ணுக்கு அடியில். அதனால் யாரும் நேரில் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்று அடுத்துச் சொல்வீர்கள். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

நெய்தல்விழி | காலை 7:40

அந்தத் தாயைப் பற்றி நான் கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

சுருள்பெட்டி | காலை 8:05

வேலைக்குக் கிளம்புகிறேன். இன்று இரவு வெடிப்புப் புகைக் காட்சியைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி எண்ணிப் போடுகிறேன். எத்தனை படம் சுழற்சி, எத்தனை படம் புதிதாக வரைந்தது என்று. அப்போது 25,000-ஐப் பற்றிப் பேசுவோம். என் பதிவில் ஒரு எழுத்தையும் மாற்றப் போவதில்லை.

கரித்துண்டு | காலை 8:09

எண்ணுங்கள். புகையை எண்ணும்போது அதற்கு முன்னால் நீரில் வரும் டார்பிடோக் கோடுகளையும் சேர்த்து எண்ணிவிடுங்கள். இரவு வருகிறேன்.

கப்பல்காரன் | காலை 9:30

கொதிகலன் அறையின் குறுக்கு வெட்டு வரைபடம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பையன் வந்ததும் ஏற்றச் சொல்கிறேன். பிரதான நீராவிக் குழாய் எங்கே ஓடியது என்று பார்த்தால் உங்கள் இருவருக்கும் புரியும்.